ட்ரோன் படம் கூர்மையாக வராததற்கு ஃபோகஸ்தான் காரணமா?

ஓரங்குல சென்சார் கொண்ட ட்ரோன் ஒன்றை வாங்கியிருக்கும் ஒருவர், தான் எடுத்த படம் ஒன்றையும் இணைத்துக் கேட்டிருப்பது இதுதான்: பறக்கும்போது கையிலுள்ள திரையில் காட்சி தெளிவாகத் தெரிகிறது, வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டட விளிம்புகளும் மரத்தின் இலைகளும் மங்கிக் கிடக்கின்றன, திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்தும் பார்த்தாயிற்று, இன்ஃபினிட்டியில் (முடிவிலித் தொலைவில்) வைத்தும் பார்த்தாயிற்று, அப்படியானால் லென்ஸ் பழுதா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ட்ரோன் கேமராவில் ஃபோகஸை எப்படிச் சரியாக வைப்பது என்பது ஒன்று. படத்தில் தெரியும் மங்கலுக்கு ஃபோகஸ்தான் காரணமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதோடு போராடுபவர்களே அதிகம். வான்வழி நில அளவைக்கும் காணொளிப் பணிக்கும் பல ஆண்டுகளாக இந்தக் கேமராக்களைக் கையாண்டு வருபவன் என்ற முறையில், இரண்டையும் சேர்த்தே விளக்க முயல்கிறேன்.

முதலில், கணக்குப் போட்டே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. ட்ரோன் லென்ஸ்களின் விவரக்குறிப்பில் 24 மி.மீ. என்று போட்டிருப்பது பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். ஓரங்குல சென்சாரில் அதே கோணத்தைத் தரும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 8.8 மி.மீ. மட்டுமே. குவியத் தூரம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகவும் பெரிதாகிவிடுகிறது. 20 மெகாபிக்சல் ஓரங்குல சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 2.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு). இரண்டு பிக்சல் அகலத்துக்குள் அடங்கும் மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கடுமையான அளவுகோலையே வைத்துக்கொண்டாலும், எஃப் 2.8 அபெர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) ஹைப்பர்ஃபோகல் தூரம் 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. அதாவது லென்ஸை உண்மையான இன்ஃபினிட்டியில் வைத்தால், 6 மீட்டருக்கு அப்பாலுள்ள எல்லாமே தெளிவாக இருக்க வேண்டும். 6 மீட்டரில் வைத்தால், 3 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஃபோர் தேர்ட்ஸ் (4/3) வகை சென்சாரில் 12 மி.மீ. லென்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 8 மீட்டர் அளவில் வரும். ஆகவே 40 மீட்டரில் உள்ள கட்டடத்தில் ஃபோகஸ் வைப்பதா, 400 மீட்டரில் உள்ள குன்றில் வைப்பதா என்று மேலே பறந்துகொண்டே தவிப்பது தேவையற்றது. இரண்டும் ஒரே ஃபோகஸில்தான் இருக்கின்றன.

அப்படியானால் ஃபோகஸ் தவறவே தவறாதா என்றால், தவறும். ஆனால் பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் தவறும். தரையில் ட்ரோனை வைத்து இயக்கும்போதோ, சற்று மேலே எழும்பியதுமோ, கேமரா அருகிலுள்ள ஏதாவதொன்றின்மேல் ஃபோகஸ் ஆகி, அதே நிலையிலேயே நின்றுவிடுகிறது. லென்ஸ் 1.5 மீட்டரில் ஃபோகஸ் ஆகி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள ஒரு புள்ளி, எஃப் 2.8-இல், சென்சார்மீது சுமார் 18 மைக்ரான் அகல வட்டமாக விழும். அது ஏழெட்டுப் பிக்சல். 5472 பிக்சல் அகலமுள்ள படத்தைக் கையளவுத் திரைக்குச் சுருக்கிக் காட்டும்போது அந்த ஏழெட்டும் இரண்டு மூன்றாகிவிடுகிறது. அதுவும் உள்ளங்கையளவுத் திரையில். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கணினியில் முழு அளவில் திறந்தால் அப்படியே முகத்தில் அறையும். உங்கள் திரையில் தெளிவாகவும் கணினியில் மங்கலாகவும் தெரிந்ததற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கலாம். போதாததற்கு, பறக்கும்போது நீங்கள் பார்ப்பது படமே அல்ல. வானலை வழியாக அழுத்தி அனுப்பப்பட்ட, குறைந்த நுணுக்கம் கொண்ட முன்னோட்டம். அதை வைத்து ஃபோகஸைத் தீர்மானிப்பது எப்போதுமே ஆபத்து.

எல்லா ட்ரோன்களிலும் ஃபோகஸை மாற்ற முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2016-இல் வந்த டிஜேஐ நிறுவனத்தின் ஃபாண்டம் 4-இல் லென்ஸ் நிலையான ஃபோகஸ் கொண்டது. பறப்பவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அதே ஆண்டில் வந்த மாவிக் ப்ரோவில் திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்ய வேண்டியிருந்தது. பழைய பழக்கத்தில் தொடாமலே பறந்து, படம் மங்கல் என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் அப்போது ஏராளம். மினி, மினி 2 போன்ற சிறிய வகைகளிலும் நிலையான ஃபோகஸ்தான். ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவாக இருக்கும்படி தொழிற்சாலையிலேயே வைத்துவிடுகிறார்கள். அவ்வகை ட்ரோனில் திரையைத் தொட்டால் மாறுவது ஒளி அளவு மட்டுமே. ஓரங்குல சென்சாரும் அதற்கு மேற்பட்டவையும் கொண்ட ட்ரோன்களில் பொதுவாக ஆட்டோஃபோகஸ் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஃபினிட்டியில் வைத்தும் சரிவரவில்லை என்கிறீர்கள். இது வியப்பில்லை. 8.8 மி.மீ. லென்ஸில் 2.5 மீட்டர் தூரத்துக்கும் இன்ஃபினிட்டிக்கும் இடையே லென்ஸ் நகர வேண்டிய மொத்தத் தூரம் சுமார் 31 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. இந்த இம்மியளவுக்குள்தான் எல்லாமே நடக்கிறது. லென்ஸின் உறுப்புகளும் அவற்றைத் தாங்கும் குழலும் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குபவை. அதற்கு இடம் விட்டுத்தான் லென்ஸை இன்ஃபினிட்டிக்குச் சற்று அப்பாலும் நகரும்படி செய்கிறார்கள். எனவே திரையிலுள்ள ஃபோகஸ் கோட்டைக் கடைசி முனை வரை இழுத்துவிட்டால் இன்ஃபினிட்டி என்று நினைப்பது தவறாகலாம். சரியான இடம் முனையிலிருந்து சற்று உள்ளே இருக்கக்கூடும், அதுவும் காலைக் குளிரில் ஓரிடமாகவும் நண்பகல் வெயிலில் வேறிடமாகவும் இருக்கக்கூடும். கோட்டின் முனையை நம்பாமல், தொலைவிலுள்ள உண்மையான ஒரு பொருளை நம்புவதே என் வழக்கம்.

அந்த வழக்கத்தை அப்படியே சொல்கிறேன். தரையில் ஃபோகஸைத் தொடுவதில்லை. 30 மீட்டர் உயரத்துக்கு ஏறி, ட்ரோனை அசையாமல் நிறுத்தி, கேமராவும் லென்ஸும் வெளிக்காற்றின் வெப்பத்துக்குப் பழகச் சில நிமிடங்கள் விடுகிறேன். பிறகு குறைந்தது 30 மீட்டர் தள்ளி, நேர்க்கோடுகளும் வெளிச்ச வேறுபாடும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன்: சன்னல் சட்டம், கூரை விளிம்பு, சாலையின் வெள்ளைக்கோடு. வானம், நீர்ப்பரப்பு, பனிமூட்டம், ஒரே பச்சையாய் விரிந்த புல்வெளி ஆகியவற்றைத் தவிர்க்கிறேன். இந்தக் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் விளிம்புகளின் வெளிச்ச வேறுபாட்டைத் தேடியே இயங்குவதால், விளிம்பில்லாத இடத்தில் அது முன்னும் பின்னும் அலைந்து ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். ஃபோகஸ் ஆனதும் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிடுகிறேன். மாற்றும்போது லென்ஸ் அதே நிலையில் நிற்கிறதா என்பதைக் கோட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதி இருந்தால் அதையும் இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அதுவும் முன்னோட்டத்தின்மேல்தான் இயங்குகிறது என்பதால் அதை இரண்டாம்பட்சச் சாட்சியாகவே கொள்வேன். கடைசியாக ஒரு நிழற்படம் எடுத்து, அதைத் திரையில் முழுமையாகப் பெரிதாக்கி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். தொடர்ந்து இயங்கும் ஆட்டோஃபோகஸை, அருகில் நகரும் ஒருவரைப் பின்தொடரும் காட்சிகளைத் தவிர வேறெதற்கும் நான் பயன்படுத்துவதில்லை. நிலக்காட்சியின் நடுவே லென்ஸ் தானாக மூச்சு வாங்குவதுபோல் அலைவது காணொளியைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் மங்கல் இருந்தால், அது ஃபோகஸ் மங்கல் அல்ல என்றே நான் முதலில் ஐயப்படுவேன். படத்தை முழு அளவில் வைத்து, ஒளிப்புள்ளி ஒன்றையோ மெல்லிய கம்பி ஒன்றையோ கூர்ந்து பாருங்கள். ஃபோகஸ் மங்கல் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவும், புள்ளி வட்டமாகும். அதோடு, காட்சியில் வேறு ஏதோ ஒரு தூரத்தில், பெரும்பாலும் முன்னால், தெளிவான பகுதி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. அசைவால் வரும் மங்கலுக்குத் திசை உண்டு. புள்ளி கோடாக நீளும், கிடைக்கோடுகள் கூர்மையாக இருக்கையில் செங்குத்துக் கோடுகள் மட்டும் தடிக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும்.

அசைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஃபோகஸ்மீது விழும் பழியில் பெரும்பங்கு உண்மையில் இதற்குரியது. மேலே சொன்ன ஓரங்குலக் கேமரா 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்க்கும்போது, ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 செ.மீ. அளவைப் பிடிக்கிறது. ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்கிறது, ஷட்டர் 1/100 நொடி திறந்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் ட்ரோன் 10 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் அது நான்கு பிக்சல் அளவு இழுவை. 1/500 நொடியாக்கினால் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். நில அளவையில் 1/500-க்குக் கீழே இறங்க நான் விரும்பாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உயரம் குறையக் குறைய இழுவை அதே விகிதத்தில் கூடும்: 10 மீட்டர் உயரத்தில் அதே வேகம் பத்து மடங்கு இழுவையைத் தரும்.

இதைவிடவும் கொடியது திரும்பும் அசைவு. முன்னோக்கிச் செல்லும்போது தொலைவிலுள்ளவை கொஞ்சமே நகரும். ஆனால் ட்ரோன் தன் அச்சில் திரும்பும்போது தூரம் எதுவாயினும் காட்சி முழுவதும் ஒன்றாக இழுபடுகிறது. நொடிக்கு 20 பாகை என்பது பார்ப்பதற்கு நிதானமான திருப்பமாகவே தோன்றும். ஷட்டர் 1/60 நொடியாக இருந்தால், அந்த நேரத்தில் கேமரா பாகையின் மூன்றிலொரு பங்கு திரும்பிவிடுகிறது. இந்த லென்ஸில் படத்தின் நடுப்பகுதியில் ஒரு பாகைக்குச் சுமார் 64 பிக்சல் என்பதால், இழுவை 21 பிக்சல். 1.5 மீட்டரில் தவறாக நின்றுவிட்ட ஃபோகஸ் தரும் மங்கலைவிட இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிழற்படம் எடுக்கும்போது முற்றிலும் நின்று எடுங்கள். காணொளியில் திருப்பத்தின் வேகத்தைச் செயலியின் அமைப்பிலேயே குறைத்துவிடுங்கள்.

காணொளியைப் பொறுத்தவரை இன்னொன்று. நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஷட்டர் 1/50 நொடியாக இருப்பது அசைவை இயல்பாகக் காட்டும் என்பது நிலைபெற்ற வழக்கம். அதற்காகத்தான் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுகிறோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 4 என்றால் ஷட்டர் 1/1600 அளவில் வரும். என்டி 32 அதை 1/50-க்கு இறக்கிவிடும். அப்படி எடுத்த காணொளியை ஓடவிட்டால் அழகாக இருக்கும். ஓரிடத்தில் நிறுத்தி ஒற்றைச் சட்டகத்தைப் பெரிதாக்கினால் மங்கலாகத்தான் இருக்கும். அது குறையல்ல. நீங்கள் கணினியில் பார்த்தது நிறுத்திவைத்த காணொளிச் சட்டகம் என்றால், அதை வைத்து லென்ஸுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. காணொளியை ஓடவிட்டும், நிழற்படத்தைப் பெரிதாக்கியும் தனித்தனியே பாருங்கள்.

ஆழம் அதிகமாக வேண்டும் என்று அபெர்ச்சரை எஃப் 11 வரை சுருக்குபவர்களும் உண்டு. தரைக் கேமராவில் பழகியவர்கள் இதைச் செய்வது இயல்பே. ஆனால் சிறிய பிக்சல்களில் அது எதிர்விளைவைத் தருகிறது. துளை சுருங்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால், எஃப் 2.8-இல் 4 மைக்ரானுக்குள் அடங்கும் புள்ளி, எஃப் 5.6-இல் 7.5 மைக்ரானாகவும், எஃப் 11-இல் சுமார் 15 மைக்ரானாகவும் விரிகிறது. கடைசியது ஆறு பிக்சல் அகலம். எஃப் 2.8-இலேயே 6 மீட்டருக்கு அப்பால் எல்லாம் தெளிவு என்றிருக்கும்போது, இந்த விலையைக் கொடுத்து வாங்கும் ஆழத்தால் எந்தப் பயனும் இல்லை. மூலைகள் சற்றுத் தேறுவதற்காக எஃப் 4, அதிகம் போனால் எஃப் 5.6 என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு ஃபில்டர் இருக்கிறது.

ஃபில்டரும் கவனிக்க வேண்டியதே. தரம் குறைந்த கண்ணாடி கூர்மையைக் குறைக்கும்; கனமான ஃபில்டர், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் சமநிலையைக் குலைத்து, மோட்டார்களை ஓயாமல் போராட வைக்கும். ஃபில்டருடனும் இல்லாமலும் ஒரே காட்சியை எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். காணொளியில் நேர்க்கோடுகள் தளதளவென்று நெளிந்தாலோ, படத்தில் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தாலோ, அது அதிர்வு. விசிறியின் நுனியில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் சிறு வெட்டுகூட அதிர்வைத் தரும். கிம்பலைத் தாங்கும் ரப்பர் உருளைகளில் ஒன்று கழன்றிருந்தாலும் இதேதான். லென்ஸின் வெளிக்கண்ணாடியில் விரல்ரேகை படிந்திருந்தால் விளிம்புகள் அங்கேயே இருக்கும், ஆனால் வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பால்போல் ஒளி கசியும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான வெளிக்காற்றுக்கு நேராக எடுத்துச் சென்றால் கண்ணாடியில் நீராவி படியும்; அது தானாக விலகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அருகிலுள்ளவை கூர்மையாகவும் தொலைவிலுள்ளவை வெளிறியும் இருந்தால், அங்கே ஃபோகஸுக்கும் காற்றுக்கும் இடையே முடிவு செய்வது கடினம். தூசும் ஈரப்பதமும் வெளிச்ச வேறுபாட்டைக் குறைக்கின்றன. சுடும் தரையிலிருந்து எழும் காற்று விளிம்புகளை அலைய வைக்கிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்து இதை உறுதியாகப் பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதில் அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். அதேபோல் புல்வெளியும் இலைகளும் பறக்கும்போது குழைந்து, ட்ரோன் நின்றதும் தெளிவடைந்தால், அசைவும் காரணமாகலாம், காணொளியை அழுத்திச் சேமிக்கும் முறையும் காரணமாகலாம். ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் குழைவு மாறவில்லை என்றால் பின்னதே காரணம். காணொளி முறையையும் பாருங்கள்: மாவிக் 2 ப்ரோவில் 4கே காணொளிக்கு முழுக்கோணம், எச்க்யூ என இரண்டு முறைகள் இருந்தன, முழுக்கோணத்தில் சென்சாரின் எல்லாப் பிக்சல்களும் முழுமையாகப் பயன்படாததால், நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் எச்க்யூவைவிட அது மென்மையாகவே தெரியும். லென்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவை அனைத்தும் அகல லென்ஸுக்குப் பொருந்துபவை. ட்ரோனில் 70 மி.மீ. தொலைலென்ஸ் இரண்டாவதாக இருந்தால் கணக்கே மாறிவிடும். ஹைப்பர்ஃபோகல் தூரம் குவியத் தூரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், அதே சென்சாரும் அதே அபெர்ச்சரும் இருந்தால் 24-லிருந்து 70-க்குப் போகும்போது அது எட்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. அங்கே பொருளின்மீதே ஃபோகஸ் வைக்க வேண்டும். தூரம் கணிசமாக மாறும்போதெல்லாம் புதிதாகவும் வைக்க வேண்டும்.

இனி லென்ஸ் பழுதா என்ற கேள்வி. காற்றில்லாத நேரத்தில், தட்டையான செங்கல் சுவர் போன்ற ஒன்றுக்கு நேரெதிராக, 20 மீட்டர் தள்ளி ட்ரோனை நிறுத்துங்கள். எஃப் 4, ஷட்டர் 1/500 அல்லது அதற்கு மேல், ஐஎஸ்ஓ 100, ரா வடிவம் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு). சுவரில் ஃபோகஸ் செய்து, பூட்டி, ஐந்தாறு படங்கள் எடுங்கள். ஃபோகஸை மாற்றி மறுபடி வைத்து இன்னும் சில எடுங்கள். எல்லாப் படங்களிலும் ஒரே பக்கம் அல்லது ஒரே மூலை மட்டும் தொடர்ந்து மங்கியிருந்தால், லென்ஸின் உறுப்பு ஒன்று மையம் விலகியிருக்கிறது. அது பயனர் சரிசெய்யக்கூடியதல்ல, அந்தப் படங்களோடு சேவை மையத்துக்கு அனுப்புவதே வழி. நான்கு மூலைகளும் ஒரே அளவில் நடுவைவிடச் சற்று மென்மையாக இருந்தால் அது அகல லென்ஸ்களின் இயல்பு. நடுப்பகுதியே எல்லாப் படங்களிலும் மங்கல் என்றால் ஆட்டோஃபோகஸ் சரியாக அளவெடுக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அப்போது மேனுவலில் கோட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வோரிடத்திலும் ஒரு படம் எடுத்தால், கூர்மையான இடம் ஒன்று அகப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். அகப்பட்டால் லென்ஸ் நலம், பிழை ஆட்டோஃபோகஸில். ஓரிடத்திலும் அகப்படாவிட்டால் பிழை லென்ஸில். நீங்கள் இணைத்திருக்கும் படம் சுருக்கப்பட்டிருப்பதால் இவற்றில் உங்களுடையது எது என்று அதிலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. இந்தச் சோதனையின் மூலக் கோப்புகளை ஷட்டர், அபெர்ச்சர் விவரங்களோடு பகிர்ந்தால் பார்த்துச் சொல்கிறேன்.